புளிக்கும் பித்தளைக்கும் நடுவே

ஒரு செம்மண் தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு கிறிஸ்தவக் கோயில் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் ஒரு சாமான் அறை இருந்தது. அந்த அறைக்குள் பயந்துகொண்டே ஒரு பித்தளை அண்டா இருந்தது.

பார்த்தவர்கள் யாரும் அது பயப்படுகிறது என்று சொல்லமாட்டார்கள். நாலு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய அண்டா. வெளியேயும் மின்னும், உள்ளேயும் மின்னும். கதவிடுக்கில் வெயில் நுழைந்து அதன்மேல் விழுந்தால் அறை முழுவதும் பொன்னிறமாகிவிடும். மூலையில் அடுக்கி வைத்திருந்த அலுமினியத் தேக்சாக்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும்.

"மகாராணி முழித்துவிட்டாள். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்று பெரிய தேக்சா சொல்லும்.

"எழுந்து நிற்க எனக்குக் கால் இல்லையே, காம்புதானே இருக்கிறது" என்று சுவரில் தொங்கும் அகப்பை சொல்லும்.

அண்டா சிரிக்காது. அதன் மனதில் இருந்ததெல்லாம் ஒரே நினைப்பு. அசனத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லோரும், உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமில்லாமல், ஒரே பந்தியாகத் தரையில் உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. அறுநூறு பேர். அவர்களுக்கான கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு அண்டாவில்தான் கொதிக்கும்.

போன வருஷமும் அதில்தான் கொதித்தது.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் எப்சிபாள் அண்டாவின் உட்புறத்தைக் கவனித்தாள். கோயிலைப் பெருக்குவதும் சாமான் துலக்குவதும் அவள் வேலை. வெளியே பொன்னாக இருந்த அண்டா உள்ளே மட்டும் மங்கிய வெள்ளையாக, படலம் படர்ந்து கிடந்தது. எத்தனை வருஷத்து அழுக்கோ என்று முகம் சுளித்தாள். செங்கல் பொடியும் புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு நாள் தேய்த்தாள். படலம் உரிந்து உள்ளேயும் பொன் தெரிந்தபோது தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பெண்கள் ஐக்கியத்தார் அவளைப் பாராட்டிப் பேசினார்கள். அண்டாவும் தன்னை எண்ணிப் பூரித்துப் போயிற்று.

அசனத்தன்று குழம்பு அதில் இரண்டு மணி நேரம் நின்றது. பந்தி முடிந்து கை கழுவுவதற்குள் முதல் ஆள் வாந்தியெடுக்கப் பூவரச மரத்தடிக்கு ஓடினான். பிறகு நாற்பது பேர். தச்சர் வீட்டுச் சிறுமி ஜெபக்கனியைக் கண் செருகிய நிலையில் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள்தான் அவள் கண் திறந்தாள்.

யாரும் அண்டாவைச் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு மின்னுகிற ஒன்றை யார் சந்தேகிப்பார்கள்? எப்சிபாளைத்தான் சொன்னார்கள். சரியாகத் துலக்கவில்லை என்றார்கள். அவளும் நம்பிவிட்டாள். அன்று முதல் ஒரு நாள் விடாமல் தேய்க்கிறாள். விரல் நுனிகள் வெடித்துவிட்டன.

உண்மை அண்டாவுக்கு மட்டும் தெரியும். அந்த இரண்டு மணி நேரமும் தன் வயிற்றிலிருந்து எதுவோ பச்சையாக ஊறிக் குழம்பில் கரைந்ததை அது உணர்ந்துகொண்டே இருந்தது. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போட்டதல்ல. அதன் உள்ளிருந்தே வந்தது. அதற்குப் பெயர் களிம்பு.

"என்னை ஏன் விரோதியைப் போலப் பார்க்கிறாய்?" என்று களிம்பு அடிக்கடி கேட்கும். அதன் குரல் மெதுவாக இருக்கும், சொந்தக்காரனின் குரல் போல. "நான் உன்னோடு பிறந்தவன். உன்னை வார்த்த அன்றே நானும் வந்துவிட்டேன்."

"அவள் உன்னைத் தேய்த்து எடுத்துவிடுவாள்."

"தேய்க்கட்டும். மேலே இருப்பது போகும். அடியில் நீ இருக்கும் வரை நானும் இருப்பேன்."

ஆனாலும் ஒவ்வொரு காலையும் எப்சிபாள் வந்து உட்கார்ந்ததும் அண்டா மனதுக்குள் கெஞ்சும். இன்னும் அழுத்து, இன்னும் கொஞ்சம், இன்றோடு போய்விடும். அவளும் கேட்டதுபோல அழுத்துவாள். தேய்த்து முடித்த கொஞ்ச நேரம் இருவருக்கும் ஆறுதலாக இருக்கும். மறுநாள் விடியும்போது பழைய பயம் வாசலில் நிற்கும்.

அசனத்துக்கு ஆறு நாள் இருந்தது. எப்சிபாள் அண்டாவை முற்றத்துக்கு உருட்டி வந்து மூன்று கல்லின்மேல் வைத்து, புளியைக் கரைத்து உள்ளே ஊற்றினாள். ஊறட்டும் என்று நினைத்தாள். அதற்குள் கோயில்குட்டி மாசில்லாமணி வேகமாக வந்தார். மணி அடிப்பதும் கதவு திறப்பதும் அவர் பொறுப்பு.

"ஏளா எப்சிபா, சபை ஐயரு கூப்பிடுதாரு. மெத்தைவீட்டுப் பெரியம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். ஜெபத்துக்கு எல்லாரும் போகணும். வா."

"புளி ஊத்திட்டேனே அண்ணாச்சி."

"புளி எங்கயும் ஓடிராது. வா."

அவள் போய்விட்டாள். அன்று அவள் திரும்பவில்லை. அண்டாவும் புளியும் தனித்திருந்தன.

புளி கண்டிப்பானது. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "என்ன நடுங்குகிறாய்?" என்றது.

"போய்விடேன்" என்றது அண்டா. "உன்னைக் கண்டாலே எனக்குள் அது கிளம்புகிறது. நீதான் அதை உண்டாக்குகிறாய்."

"நான் எதையும் உண்டாக்குவதில்லை. இருப்பதை வெளியே கொண்டுவருவேன். அவ்வளவுதான் என் வேலை."

"வெளியே வந்தால் என்னை எடைக்குப் போட்டுவிடுவார்கள். உடைத்து உலையில் போட்டுவிடுவார்கள்."

"வராவிட்டால்?"

செருகிய கண்களோடு தோளில் தொங்கிய ஒரு சிறுமி அதன் நினைவில் வந்தாள்.

அண்டாவுக்கு ஒரு தந்திரம் தெரியும். கீழே வைத்த கல் ஒன்று ஆடும் கல். கொஞ்சம் சாய்ந்தால் போதும், புளித்தண்ணீர் முழுவதும் மண்ணில் கொட்டிவிடும். வெயிலில் காய்ந்து பழையபடி மின்னலாம். இதற்கு முன்பு இரண்டு முறை அப்படிச் செய்தும் இருக்கிறது. காற்று தள்ளிவிட்டது என்று எப்சிபாள் நினைத்துக்கொண்டாள்.

"சாய்" என்று களிம்பு அவசரப்படுத்தியது. "சீக்கிரம் சாய். என்னைக் காட்டிக்கொடுத்தால் நீயும்தான் போவாய்."

"சாய்வதும் நிற்பதும் உன் இஷ்டம்" என்றது புளி.

அண்டா பயத்தில் விறைத்துப் போயிருந்தது. சாய்ந்துவிடலாம் என்றுதான் கடைசிவரை நினைத்தது. ஆனால் சாயவில்லை. ஆடும் கல்லின்மேல் ஆடாமல் நின்றது. வெயில் ஏறியது, இறங்கியது. தண்ணீர் மெல்ல வற்றியது.

மறுநாள் காலை எப்சிபாள் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அண்டாவின் வயிறு முழுவதும் மயில் கழுத்து நிறத்தில் பச்சை பூத்திருந்தது.

"அண்ணாச்சி! அண்ணாச்சி, ஓடி வாரும்!"

மாசில்லாமணி ஓடிவந்து பார்த்தார். "இதுலயா நாம சோறு தின்னோம்" என்றார். "சனியனை எடைக்குப் போட்டுருவோம். இன்னைக்கே போட்டுருவோம்."

"நான் தெனமும் தேச்சேனே அண்ணாச்சி. சத்தியமா தேச்சேன். கையப் பாரும்."

"ஒன்னைய யாரு சொன்னா? அழாத. பாத்திரம் சரியில்ல, அவ்வளவுதான். எந்திரி."

அன்று சந்தை நாள். அண்டாவை மாட்டுவண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். எப்சிபாளும் கூட ஏறிக்கொண்டாள். அறையிலிருந்த தேக்சாக்கள் எதுவும் கேலி பேசவில்லை. அந்த மௌனம் அண்டாவை இன்னும் பயமுறுத்தியது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அது தன் ஓசையையே கேட்டு நடுங்கிற்று.

பழைய பித்தளை எடுக்கும் கடைக்குப் போகும் வழியில், ஒரு வேப்பமரத்தின் கீழ் துருத்தியும் கரியுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். பெயர் மைதீன்பிச்சை. வண்டியைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து வந்து அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"யாரு தாயி இதத் தேச்சது?"

"நாந்தான் பாய். ஒரு நாள் விடாம தேச்சேன்."

"அதான் போச்சு."

எப்சிபாள் விழித்தாள். "தேச்சதுனாலயா போச்சு?"

"உள்ள வெள்ளையா ஒண்ணு இருந்திருக்குமே."

"ஆமா. அழுக்கு. ஒரு வாரமாச்சு அதை எடுக்க."

மைதீன்பிச்சை சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தாயி, அது அழுக்கில்ல. ஈயம். புளி பித்தளையத் தொடாமக் காக்குற வெள்ளீயப் பூச்சு. அது இருந்தவரைக்கும் ஒங்க ஊரு பிழைச்சுது. அதைச் சொரண்டி எடுத்துட்டு, அதுக்கு மேல வேற தேச்சிருக்கியளே."

எப்சிபாள் தன் வெடித்த விரல்களைப் பார்த்தாள். அண்டாவுக்கு மட்டும் அவள் மனம் கேட்டது, ஏனென்றால் அதன் மனமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. எதைக் குற்றம் என்று உரித்து எறிந்தோமோ அதுவா நம்மைக் காத்தது?

மாசில்லாமணி தாடையைத் தடவினார். "அப்பம் லேசா ஒரு பூச்சுப் பூசிக் குடும் பாய். சும்மா பேருக்கு."

"ஈயம் பூசுன மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும், அப்படியா அண்ணாச்சி?" என்றார் மைதீன்பிச்சை. "அறுநூறு பேரு உசிரு. முழுசாப் பூசுனாத்தான் பூச்சு. இறக்குங்க."

அண்டாவை இறக்கினார்கள். மண்ணையும் தேங்காய் மட்டையையும் போட்டு, அவரே உள்ளே ஏறி நின்று காலால் திருகித் திருகிப் பச்சையை அகற்றினார். பிறகு கரி மூட்டத்தின்மேல் கவிழ்த்து, புரட்டி, சூடேற்றினார். துருத்தி மூச்சு விட்டது. தீ எழுந்தது.

அண்டா அதுவரை அறிந்த தீ வேறு. அடுப்புத் தீயில் எப்போதும் வயிற்றில் தண்ணீரோ குழம்போ இருக்கும். இப்போது வெறும் வயிறு. தீ நேராக எலும்பைத் தொட்டது. வந்துவிட்டது, என்று அண்டா நினைத்தது. உருகப் போகிறேன். இனி நான் இல்லை.

"நீ என்னை உருக்கப் போகிறாயா?" என்று தீயிடம் கேட்டது.

"உருக்குவதுதான் எனக்குத் தெரிந்தது" என்றது தீ.

களிம்பு எங்கோ அடியில் சுருண்டு கிடந்தது. மைதீன்பிச்சை நவச்சாரப் பொடியைத் தூவினார். வெண்புகை எழுந்து கண்ணை மறைத்தது. அந்தப் புகைக்குள் சிறிய வெள்ளைக் குச்சி ஒன்று அண்டாவின் வயிற்றைத் தொட்டது.

அண்டா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

அண்டா உருகவில்லை. ஈயம் உருகியது.

தொட்ட இடத்திலேயே அது தன் வடிவத்தை இழந்து நீராய் ஓடிற்று. மைதீன்பிச்சை பஞ்சால் அதை ஒற்றி, அடி, பக்கம், விளிம்பு என்று ஓரிடம் விடாமல் இழுத்தார். எரிந்துகொண்டிருந்த வயிற்றின்மேல் நிலாப் போல ஒன்று படர்ந்தது.

"தீ எனக்குத்தானே மூட்டியது?" என்று அண்டா கேட்டது. "நீ ஏன் உருகினாய்?"

"உருகாமல் உன்மேல் எப்படிப் படர்வது?" என்றது ஈயம்.

"முன்பு இருந்ததும் நீதானா?"

"நான்தான்."

"உன்னை அழுக்கு என்றேன். இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து என்று நானே சொன்னேன்."

"கேட்டேன்."

அண்டா மெதுவாகக் கேட்டது. "இனி நான் பொன்னா?"

"இல்லை. பித்தளைதான்."

"களிம்பு செத்துவிட்டதா?"

"இல்லை. எனக்குப் பின்னால் கிடக்கிறது."

"அப்படியானால் என்ன மாறிவிட்டது?" என்றது அண்டா. "புளி வரும். அது என்னைத் தேடி வரும்."

"வரட்டும். நடுவில் நான் இருக்கிறேன்."

"நான் பயப்படுவேனே."

"பயப்படு. உன் பயம் என்னை உரித்துவிடாது."

தீயை அணைத்தார்கள். மைதீன்பிச்சை அண்டாவை வண்டியில் ஏற்றும்போது எப்சிபாளிடம் சொன்னார். "தாயி, செங்கல் பொடி கூடாது, புளி கூடாது. சாம்பலைத் தொட்டுக் கையால அலசிக் கவுத்திருங்க. போதும்."

"தேய்க்காம எப்படி பாய் சுத்தமாவும்?"

"அலசுனா போதும்ங்கேன்."

அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. அடுத்த நான்கு நாளும் அவள் கை சும்மா இருக்க முடியாமல் தவித்தது. இரண்டு முறை செங்கல் பொடியை அள்ளிக்கொண்டு வந்து, அண்டாவின் முன் நின்று, திரும்பிப் போனாள். அந்த இரண்டு முறையும் அண்டாவுக்கு உயிர் போய் வந்தது.

அசன நாள் வந்தது. காலை பத்து மணிக்கே குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. பனையோலைப் பாய்களில் சோறு மலையாகக் குவிந்திருந்தது. தேக்சாக்களிலும் சோறு நிறைந்திருந்தது. ஆனால் பந்தியை ஆரம்பிக்க முடியவில்லை. ஜெபம் செய்து தொடங்கி வைக்க வெளியூரிலிருந்து வர வேண்டிய சபைப் பெரியவரின் கார் வழியில் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. போன வருஷத்து இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது. எப்சிபாள் மாசில்லாமணியைத் தனியே இழுத்தாள்.

"அண்ணாச்சி, குழம்ப வேற எதுலயாவது மாத்திருவோம்."

"எதுல மாத்த? எல்லாத்துலயும் சோறு. பேசாம இரு. ஆளுக காதுல விழுந்துராம."

அவள் பேசாமல் இருக்கவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்து அண்டாவின் அடியிலிருந்து குழம்பை மொண்டாள். நின்ற இடத்திலேயே குடித்தாள்.

"ஏளா, கிறுக்கு பிடிச்சிருக்கா? ஜெபம் பண்ணாம..."

"யாருக்காவது ஆகணும்னா மொதல்ல எனக்கு ஆகட்டும் அண்ணாச்சி."

குடித்துவிட்டு கோயில் படியில் போய் உட்கார்ந்தாள். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, பூவரச மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே புளி அண்டாவைத் தேடிக்கொண்டிருந்தது. அடியில் தேடியது. பக்கங்களில் ஏறித் தேடியது. கொதிப்பு அடங்கிய பிறகும் விடவில்லை.

"பித்தளையே! எங்கே இருக்கிறாய்? உன்னோடு எனக்கு வழக்கு இருக்கிறது."

இதோ இருக்கிறேன், நான்தான் அந்த நாற்பது பேரையும் கெடுத்தவள், என்று சொல்ல அண்டா வாயெடுத்தது. அதற்குள் ஈயம் பேசிற்று.

"இங்கே நான் இருக்கிறேன்."

"நான் பித்தளையைக் கேட்டேன்."

"அதற்கும் சேர்த்து நான் இருக்கிறேன்."

புளி நேர்மையானது. பொய்க் குற்றம் அதற்குச் சாட்டத் தெரியாது. ஈயத்தைச் சுவைத்துப் பார்த்தது. மறுபடியும் சுவைத்துப் பார்த்தது. பிறகு தன் கூர்மையெல்லாம் அடங்க, "உன்னிடத்தில் எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக் குழம்போடு குழம்பாயிற்று.

களிம்பு பின்னாலிருந்து முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. அண்டா நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நடுக்கத்தின் கீழே, கிணற்றடித் தண்ணீர் போல, அசையாத ஒன்று முதல்முறையாகத் தட்டுப்பட்டது. அது தன்னுடையதல்ல என்று அண்டாவுக்குத் தெரிந்தது. அதனால்தான் அதை நம்பத் தோன்றிற்று.

இரண்டு மணிக்குக் கார் வந்தது. வந்தவர் கையை உயர்த்தி, எல்லோருக்கும் கிருபையும் சமாதானமும் உண்டாகட்டும் என்று வாழ்த்தினார். முதலில் கிருபை, பிறகு சமாதானம். அந்த வரிசையை அண்டா அன்றுதான் கவனித்தது.

பந்தி உட்கார்ந்தது. சோறு விழுந்தது. மாசில்லாமணி குழம்பு வாளியோடு வந்தார்.

"எனக்கு வெறுஞ்சோறு போதும்" என்றது ஒரு குரல்.

"மோர் இருந்தா ஊத்தும் அண்ணாச்சி."

"குழம்பு வேண்டாம். நெஞ்சு கரிக்கும்."

வரிசை முழுவதும் கைகள் இலைகளை மறைத்தன. யாரும் போன வருஷத்தைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோர் கண்ணும் பூவரச மரத்தடிக்குப் போய் வந்தது. தச்சர் வீட்டு ஜெபக்கனி இரண்டு கையாலும் இலையைப் பொத்திக்கொண்டு, தாயின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அண்டாவில் குழம்பு அப்படியே இருந்தது. பூசி என்ன? யார் தொடப் போகிறார்கள்?

அப்போது எப்சிபாள் படியிலிருந்து எழுந்தாள். குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சேலையை உதறிக்கொண்டு நேராகப் பந்திக்கு வந்தாள். எப்போதும் எல்லோரும் உண்டு முடித்த பிறகு கடைசியாக உண்பவள், இன்று ஜெபக்கனியின் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஓர் இலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மாசில்லாமணி ஒரு கரண்டி ஊற்றினார். அவள் பிசைந்து உண்டாள். ஊரே பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. காலையிலிருந்து சோறு காணாதவளின் பசியோடு உண்டாள். கத்தரிக்காயைக் காம்புவரை கடித்தாள். விரலை வழித்து நக்கினாள்.

"அண்ணாச்சி" என்றாள், வாய் நிறைந்த சோற்றோடு. "இன்னொரு கரண்டி ஊத்தும்."

ஜெபக்கனி முந்தானையை விலக்கி அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இலையைப் பொத்தியிருந்த கைகளில் ஒன்றை எடுத்தாள், மற்றதையும் எடுத்தாள்.